தட்டினால் டீ வரும் சுவர்

வளைகுடாவுக்கு வேலை தேடி வந்தவனிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தெரியும்." கம்பி கட்டத் தெரியுமா? தெரியும். டைல்ஸ் ஒட்டத் தெரியுமா? தெரியும். ஒட்டகத்துக்குப் பல் பிடுங்கத் தெரியுமா? ஊரில் நிறையப் பிடுங்கியிருக்கிறேன். (எங்கள் ஊர் அரியலூர் பக்கம். சர்க்கஸ் வந்தால்தான் ஒட்டகம்.) முதலில் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் பக்கத்தில் வேலை செய்கிறவனை ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, மிச்சப் படிப்பு முழுக்க இந்த ஓரக்கண் படிப்புதான்.

இந்தப் படிப்பில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தில் வேலை தெரிந்த ஒருவன் இருக்க வேண்டும். நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமையில் என் பக்கத்தில் இருந்தவர் ஜமால் பாய். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், எனக்குச் சலித்தது. மும்பைக்குப் போகும் லாரியில் கிளீனராக ஏறினேன், டிரைவருக்குச் சலித்தது. மஸ்கட்டில் ரூவி பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கஃபெட்டீரியாவில் டீ ஆற்றினேன், கடையையே மூடிவிட்டார்கள். (அதற்குக் காரணம் என் டீ இல்லை என்றுதான் முதலாளி சொன்னார்.) கடைசியில் ஒரு மேன்பவர் கம்பெனி விசாவில் தம்மாம் வந்து சேர்ந்தேன். சைட்டில் கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைக்கிற வேலை. கேம்பில் அடுக்குக் கட்டில். கோடையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீரில் டீத்தூளை அப்படியே போடலாம். அதனால் குளிக்கிற தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்து, ரூமில் ஏசிக்குக் கீழே வைத்து ஆற விடுவோம். பகலில் இரும்புக் குழாயைத் தொட்டால் கையுறையோடு சேர்த்துச் சுடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படி இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அடுத்த கோடையை ஏதாவது ஒரு கூரைக்கு அடியில் கழித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்தக் கூரை செய்யது காக்காவின் கடை. காக்கா கீழக்கரைக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அவர் காக்காதான். 'சார்' என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். டிவி, ஸ்பீக்கர், கேமரா விற்பார். வீட்டுக்கு ஆள் அனுப்பி மாட்டியும் கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே பெட்டி தூக்கப் போய்க்கொண்டிருந்தேன். பெட்டிகள் கனம்தான். ஆனால் குளிர்ந்த கனம்.

கடையின் மலையாளி டெக்னீஷியன் லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம், காக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ராசு, செவுத்துக்குள்ள ஸ்பீக்கர் வச்சுப் பழக்கம் இருக்கா?"

"இருக்கு காக்கா."

"எங்க வச்ச?"

"ரூவியில. நெறைய."

(ரூவியில் நான் சுவரில் வைத்தது ஓர் ஆணி. அதில் ஒரு காலண்டர் தொங்கியது. அதுவும் கொஞ்ச நாள்தான்.)

"அப்ப வார வெள்ளிக்கிழம நம்ம வூட்டுக்கு வா. ஆம்பளைய உக்கார்ற ஹால்ல ரெண்டு ஸ்பீக்கர் பதிக்கணும். சாயங்காலம் மேட்ச் பாக்க ஆளுக வருவாக. வேல சுத்தமா இருந்துச்சுன்னா நம்ம ஸ்பான்சர் கபீல்ட்ட பேசி ஒன் விசாவ நம்ம கடைக்கு மாத்திர்றேன்."

"சுத்தமா இல்லன்னா காக்கா?"

"ஒன் கேம்ப் பஸ்ஸு எங்கயும் போயிறலயே."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

அன்று கேம்பில் பக்கத்துக் கட்டில்காரனிடம் விசாரித்தேன். அவன் ஒரு சைட்டில் ஜிப்சம் போர்டு வேலையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். "உள்ளார இரும்புச் சட்டம் நிக்கும். அது மேல ரம்பத்த வச்சிடாத. தட்டிப் பாரு. சட்டம் இருக்கிற எடத்துல 'டக்'குன்னு கேக்கும். இல்லாத எடத்துல 'டொம்'முன்னு கேக்கும்" என்றான். இவ்வளவு போதும் என்று தூங்கிவிட்டேன். சுவருக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காக்காவின் வீடு வாடகை வில்லா. ஒரே பெரிய ஹாலை நடுவில் ஜிப்சம் போர்டு அடித்து இரண்டாக்கி இருந்தார்கள். இந்தப் பக்கம் ஆண்கள் ஹால், அந்தப் பக்கம் பெண்கள் ஹால், இரண்டுக்கும் வாசல் தனித்தனி. நம் ஊர்ச் செங்கல் சுவர் மாதிரி இல்லை இது. வரிசையாகச் சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் மெல்லிசான பலகையைத் திருகாணி போட்டு முடுக்கி, மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். நடுவில் நாலு விரல் அகலத்துக்குக் காற்று. (இப்போது தெரியும். அன்றைக்கு என்னைப் பொறுத்தவரை சுவர் என்றால் சுவர்.)

ஜும்மா தொழுகை முடிந்து, பிரியாணி முடிந்து, காக்கா மாடிக்குத் தூங்கப் போனார். "நான் எந்திரிச்சு வரயில ரெண்டும் பாடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே நானும் ஜமால் பாயும் இருந்தோம். ஜமால் பாய் காக்காவின் மச்சினன், அதாவது காக்காவின் மனைவி மரியம் லாத்தாவின் தம்பி. அல் கோபாரில் ஏதோ ஆபீசில் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். சோபாவில் படுத்தபடி உலகத்தில் எந்த வேலையையும் மேற்பார்வை செய்யக் கூடியவர்.

நான் சுவரில் காதை ஒட்டி வைத்துத் தட்டத் தொடங்கினேன். டொம். கொஞ்சம் நகர்ந்து தட்டினேன். டொம். இன்னும் நகர்ந்தேன். டக் மாதிரி ஒரு டொம்.

"என்னா, தர்பூசணியா வாங்குற?" என்றார் ஜமால் பாய்.

"சட்டம் தேடுறேங்க பாய்."

"தேடு, தேடு."

சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தட்டிக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது வாசல் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஆள் இல்லை. முக்காலியில் ஒரு தட்டு, தட்டு நிறைய டீ. ஜமால் பாய் எழுந்து போய் எடுத்து வந்தார். ஆளுக்கொன்று குடித்தோம். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாததால் இன்னொன்றும் குடித்தேன்.

மறுபடி தட்டினேன். மறுபடி கதவு. இந்தத் தடவை பெரிய தட்டு.

"லாத்தா நல்லா கவனிக்கிறாங்க" என்றேன்.

"நீ கேக்குற, அவ குடுக்குறா."

"நான் எப்பங்க கேட்டேன்?"

"இப்பத்தானே தட்டுன. இந்த வூட்ல செவுத்தத் தட்டுனா டீ. நாங்க அந்தப் பக்கம் போகமாட்டோம், அவுக இந்தப் பக்கம் வரமாட்டாக. செவுருதான் பேசும். வுடாமத் தட்டுனா நெறைய ஆளு வந்திருக்காகன்னு அர்த்தம்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

"எனக்கும் டீ தேவையா இருந்துச்சு."

தட்டாமல் சட்டம் தேட எனக்கு வேறு வழி தெரியாது. அதனால் மெதுவாக, ஒரு விரலால், மன்னிப்புக் கேட்கிற மாதிரி தட்டிப் பார்த்தேன். அதற்கும் டீ வந்தது. காலிக் கோப்பைகள் டிவி மேசை முழுவதும் வரிசையாக நின்றன. ரூவியில் நான் ஆற்றிய டீயை எல்லாம் யாரோ ஒரே மத்தியானத்தில் எனக்குத் திருப்பித் தருவதாகத் தோன்றியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மங்கலாகக் கேட்டது.

"அங்க எத்தன பேருடா வந்திருக்கிய? பாலு தீந்துருச்சு!"

"ஒரே ஆளுதான் லாத்தா!" என்று ஜமால் பாய் கத்தினார்.

"ஒரே ஆளா? ஆளா, அடுப்பாங்கர சாக்கடையா? இனிமே அந்தச் செவுரு இடிஞ்சு வுழுந்தாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன், பாத்துக்க!"

சொன்னபடியே செய்தார். அதுதான் பிரச்சினையானது.

சட்டத்தைக் கண்டுபிடித்தது கடைசியில் ஜமால் பாய்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தன் காருக்குப் போய், போன் ஒட்டி வைக்கிற குட்டிக் காந்தத்தைப் பிய்த்து எடுத்து வந்தார். சுவரில் அதைத் தடவிக்கொண்டே போனோம். ஒரு இடத்தில் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டு கீழே விழாமல் நின்றது. பெயின்டுக்குப் பின்னால் திருகாணித் தலை. அதற்கு நேர் மேலே இன்னொன்று, நேர் கீழே இன்னொன்று. அந்தக் கோடுதான் சட்டம். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் பென்சிலால் குறித்தோம். ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்த அளவு அட்டையை வைத்து நீள்சதுரம் வரைந்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. வாழ்க்கையில் நான் வரைந்த முதல் நேர்க்கோடுகள் அவை.

"ஒன் கையி, என் காந்தம்" என்றார் ஜமால் பாய். வேலை நன்றாக வந்தால் பங்கு போட வேண்டியிருக்கும் என்று புரிந்தது.

கத்தி போன்ற ஒரு நீள ரம்பத்தை மூலையில் வைத்துக் குத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அப்புறம் கொஞ்சம் இறுகியது. சுவர் என்றால் இறுகத்தானே செய்யும் என்று கைப்பிடி வரைக்கும் அமுக்கினேன். மறுபடி வெண்ணெய். மேலும் கீழுமாக இழுத்துக் கோட்டின் மேலேயே அறுத்துக்கொண்டு போனேன். வெள்ளைத் தூள் கொட்டியது. பாதி அறுக்கும்போது, "சத்தம் ரெண்டு மாதிரி வருதே" என்றார் ஜமால் பாய். "ஸ்டீரியோ பாய்" என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் எனக்கே மிகவும் பிடித்த வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு எதுவும் பேசும்படியாக இல்லை.

நாலு பக்கமும் அறுத்ததும் பலகைத் துண்டு என் கையோடு வந்தது. சுவருக்குள் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தது.

"உள்ள லைட்டெல்லாம் போட்டிருக்காங்க" என்றேன் ஆச்சரியத்தோடு.

"வயரு ஏதாச்சும் எரியுதா பாரு. கைய வுட்டுப் பாரு."

வயர் எரிகிற இடத்தில் கையை விடச் சொல்கிறவர் அவர்; விடுகிறவன் நான். முழங்கை வரைக்கும் கை உள்ளே போனது. சூடு இல்லை, சில்லென்று இருந்தது. ஏசிக் காற்று. சுவருக்குள் ஏசியா என்று உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பக்கம் காலடிச் சத்தம்.

"ஜமாலு! டீ இல்லன்னு சொன்னதும் கையவே நீட்டிட்டியா? இந்தா, தின்னு தொல!"

என் உள்ளங்கையில் சுடச்சுட ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது.

கையை வெளியே எடுத்தேன். அது ஒரு வாடா. அரிசி மாவுக்குள் இறாலும் தேங்காயும் வைத்துப் பொரிக்கிற கீழக்கரைப் பலகாரம். நானும் ஜமால் பாயும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்பீக்கர் வைப்பதற்காகத் திறந்த சுவர் இறால் வாடா கொடுத்தால் என்ன செய்வது என்று அந்த வீடியோவில் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜமால் பாய்தான் முதலில் தெளிந்தார். "எனக்குத்தானே குடுத்தா" என்று அதை என் கையிலிருந்து எடுத்துக் கடித்தார்.

அதற்குள் அந்தப் பக்கம் நிலைமை புரிந்துவிட்டது. கையை நீட்டுவதற்குச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தாக வேண்டும் இல்லையா?

"அல்லாவே! எம் பூவு!"

பெண்கள் ஹாலில் அந்தச் சுவர் முழுக்கப் பூப்போட்ட வால்பேப்பர். பெருநாளுக்கு லாத்தா தன் கையாலேயே பார்த்துப் பார்த்து ஒட்டியது. அதில் ஒரு நீள்சதுரம் அச்சு வார்த்தது போலக் கழன்று சோபா மேல் கிடந்தது. லாத்தாவும் வீட்டின் மற்றப் பெண்களும் அடுப்படியில் வாடா சுட்டுக்கொண்டிருந்ததால் ரம்பம் நடந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டிருக்கிறது. ஆனால் சுவர் இடிந்தாலும் கேட்பதில்லை என்று சபதம் செய்திருந்தாரே!

நான் ஓட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். வீட்டுப் பெண்களைப் பார்ப்பது மரியாதை இல்லை. சொல்லப்போனால் அந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"லாத்தா, மன்னிச்சிருங்க. நான் ராசுங்க. கடையில பெட்டி தூக்குறவன்."

"பெட்டி தூக்குறவன் ஏன் செவுத்தத் தூக்குற?"

"ஸ்பீக்கர் வைக்கச் சொன்னாங்க."

"ஸ்பீக்கர அங்க வைக்கச் சொன்னாகளா, இங்க வைக்கச் சொன்னாகளா? நீ ரூவியில நெறைய வச்சிருக்கன்னு அவுக சொன்னாகளே."

பொய் சொல்ல ஆளின் முகம் தெரிய வேண்டும் போலிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் நிற்கிறவரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"ரூவியில டீ ஆத்துனேன் லாத்தா."

ஜமால் பாய் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இது அவுகளுக்குத் தெரிஞ்சா?"

"நாளைக்குக் காலையில கேம்ப் பஸ்ல போயிடுவேங்க. கடைக்கு மாத்தித் தர்றேன்னு சொல்லியிருந்தாங்க."

"சைட்டுல வெயிலு ரொம்ப இருக்குமோ?"

"இருக்கும்ங்க."

லாத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "அவுக மட்டும் என்னவாம்? வந்த புதுசுல ஃப்ரிட்ஜு ரிப்பேரு தெரியும்னு சொல்லித்தான் ஒரு கடையில சேந்தாக. இன்னக்கி வரைக்கும் எங்க வூட்டு ஃப்ரிட்ஜ அவுகள நான் தொட வுடமாட்டேன். நீ ஸ்பீக்கர வையி. இந்தப் பக்கத்த நான் பாத்துக்குறேன். டேய் ஜமாலு, வாயத் தொறந்த, அடுத்த வெள்ளிக்கிழம ஒனக்குச் சோறு கெடையாது."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஓட்டையை மறைத்து லாத்தா ஒரு பெரிய கடிகாரத்தை மாட்டிவிட்டார். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்ததாம்; தங்க நிறச் சட்டம் போட்டது; பிடிக்கவில்லை என்று பரணில் கிடந்ததாம். இந்தப் பக்கம் நான் வலது ஸ்பீக்கரைப் பொருத்தித் திருகாணியை முடுக்கினேன். வயரை லீவில் போன டெக்னீஷியன் முன்பே மேலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது ஸ்பீக்கருக்கு ரம்பத்தின் நுனியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்துக்கு டேப் சுற்றிக்கொண்டேன். அதற்கு மேல் உள்ளே போகாது. அது சுத்தமாக அமைந்தது. கற்றுக்கொண்டேன். என்ன, ஒரு சுவர் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

காக்கா எழுந்து வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். "சபாஷ், அச்சா காம்" என்றார். எனக்குக் குளிர்காற்று அடித்தது போலிருந்தது. வலது ஸ்பீக்கர் வழியாக நிஜமாகவே கொஞ்சம் அடித்தது.

சாயங்காலம் காக்காவின் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஆண்கள் இந்தப் பக்கம், அவர்கள் மனைவிமார் அந்தப் பக்கம். மேட்ச் தொடங்கியது. சத்தம் ஹாலையே தூக்கியது. எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஜமால் பாய் எல்லோரிடமும் தன் காந்தத்தைக் காட்டினார். ஒரு நண்பர் ஆட்டத்துக்கு நடுவே தன் மாமியாரின் குணநலன்களைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று வலது ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் விளம்பரம் வந்தது. காக்கா டிவியை மியூட்டில் போட்டார். ஹால் அமைதியானது. ஒரு நண்பர் என்னைக் காட்டி, "ஆளு நல்லாத்தானே செய்றான், கடைக்கே எடுத்துக்கலாமே" என்றார்.

காக்கா குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். "பாப்போம். டெக்னீஷியன் லீவு முடிஞ்சு வந்துருவான். அதுக்கப்புறம் இவன வச்சு என்ன செய்ய? விசா மாத்துறதுன்னா அலச்சலு. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வரட்டும்."

கேம்பின் வாளி கண் முன்னால் வந்தது. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது ஸ்பீக்கர் பேசியது.

"கடையில ஒரு பேச்சு, மேட்ச் பாக்கயில ஒரு பேச்சா?"

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண் சத்தமில்லாமல் தலைமுடியை அசைத்துக்கொண்டிருந்தாள். காக்கா ரிமோட்டை எடுத்து, ஏற்கெனவே ஊமையாக இருந்த டிவியின் சத்தத்தை இன்னும் குறைத்தார்.

"அத அமுக்கி என்னா செய்ய? நான் டிவியில இல்ல."

காக்கா மெல்ல எழுந்து வலது ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றார். "மரியம்?" என்று அதைப் பார்த்துக் கேட்டார்.

"நாந்தான். வாக்கு குடுத்தா குடுத்ததுதான். அந்த ஆள கடைக்கு மாத்தி வுட்டுருங்க."

அதன் பின்னால் நாலைந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது. நல்ல ஸ்பீக்கர். ஹாலில் இருந்த ஒவ்வொருவரும் சாயங்காலத்திலிருந்து தாங்கள் என்னென்ன பேசினோம் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மாமியாரைப் பற்றிப் பேசியவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

காக்கா என் பக்கம் திரும்பினார். "ராசு, இந்த ஸ்பீக்கருக்குப் பின்னால என்னா இருக்கு?"

"லாத்தா இருக்காங்க காக்கா."

"லாத்தாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல?"

"ஒரு கடிகாரம்."

"செவுரு?"

"அது இல்லீங்க காக்கா."

அவர் ஸ்பீக்கரின் விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார். "ரூவியில வச்சதெல்லாம் இப்படித்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் முந்திக்கொண்டது. "ரூவியில அவன் டீ ஆத்துனான்!"

நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். காக்கா சிரிக்கவில்லை. தெரியும் என்று சொன்ன என்னை ஒரு மாதிரி பார்த்தார். கை வாசல் பக்கம் நீளப் போனது. அந்த நேரத்தில் ஸ்பீக்கர், அவசரமே இல்லாமல், பழைய கதை சொல்கிற குரலில் தொடங்கியது:

"தெரியாத வேலையத் தெரியும்னு சொன்னவுக இந்த ஊர்ல எத்தனையோ பேரு இருக்காக. இப்ப ஃப்ரிட்ஜு..."

"சரி!" என்றார் காக்கா. "சரி, சரி. மாத்திர்றேன். கபீல்ட்ட நாளைக்கே பேசுறேன். கலாஸ். நிறுத்து."

"ஃப்ரிட்ஜு என்னா?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. மேட்ச் தொடங்கிருச்சு பாரு." மேட்ச் தொடங்கவில்லை. அந்தப் பெண் இன்னும் தலைமுடியைத்தான் அசைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் உச்சத்துக்கு வருவதற்குள் என் விசா மாறிவிட்டது. கடையில் எனக்கு எல்லா வேலையும் உண்டு. கவுண்டரில் நிற்பேன், வேன் ஓட்டுவேன், பெட்டி தூக்குவேன். வெட்டுகிற, துளைக்கிற, அறுக்கிற வேலை மட்டும் கிடையாது. லீவு முடிந்து வந்த மலையாளி கதையைக் கேட்டு முழு நாளும் சிரித்துவிட்டு, தன் டூல் பெட்டிக்குப் பூட்டு வாங்கினார். ஊரில் யாராவது என் மனைவியிடம் "வூட்டுக்காரருக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டால், "சுவத்துல கைய விட்டுப் பலகாரம் வாங்குற வேலை" என்கிறாள். என் மகள் அதைப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

அந்த ஓட்டையை அடைக்க காக்கா ஆள் அனுப்பினார். வால்பேப்பரைத் தொட்டால் தெரியும் சேதி என்று லாத்தா திருப்பி அனுப்பினார். ஸ்பீக்கர் அப்படியேதான் இருக்கிறது. ஆண்கள் ஹாலில் இப்போது மேட்ச், வானிலை, விமான டிக்கெட் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும்தான் பேச்சு. வேறு ஏதாவது பேச வேண்டும் என்றால் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தெருப் பக்கம் போனால் பார்க்கலாம்: வில்லா வாசலில் ஒரு கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசி ஓட நின்றுகொண்டிருக்கும், உள்ளே பெரிய மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கார் மட்டும் எங்கேயும் போகாது.

போன வெள்ளிக்கிழமை காக்கா என்னையும் அந்தக் காருக்குள் கூப்பிட்டார். பின் சீட்டில் போனில் ஏதோ தட்டிக்கொண்டு ஜமால் பாய்.

"ராசு, அல் கோபார்ல ஒரு வூடு பாத்து வச்சிருக்கேன்" என்றார் காக்கா ரகசியமாக. "பழைய காலத்து வூடு. எல்லாச் செவுரும் கான்கிரீட்டு. ஒத்த ஜிப்சம் கெடையாது. சாமான் ஏத்த வேன எடுத்துட்டு வரணும். லாத்தாட்ட இப்ப மூச்சு வுட்றாத. நானே சமயம் பாத்துச் சொல்லிக்குறேன்."

"இல்லீங்க காக்கா, நான் சொல்ல மாட்டேன்" என்றேன். சத்தியமாக நான் சொல்லவில்லை.

இறங்கி வீட்டுக்குள் போனோம். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் வந்தது.

"ராசு, கான்கிரீட்டுல ஓட்ட போடுறதுன்னா எந்த மிஷினு வேணும்?"

காக்கா ஜமால் பாயைப் பார்த்தார். ஜமால் பாய் தன் போனைப் பார்த்தார்.